மறுநாளே போன மஞ்சள்

ஆரணி,
12.2.2004

என் அன்பு மாமாவுக்கு,

துர்கா எழுதிக்கொண்டது. இங்கே நானும் குழந்தை காவ்யாவும் நலம். மஸ்கட்டில் உங்கள் முதுகுவலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் சொல்லுங்கள், யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேசவே விடாமல் கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாதே.

ஆமாம், குழந்தையின் பல்லுக்கு ஃப்ளூரைடு மருந்து பூசியது நான் சொல்லித்தான். உங்களையும் கேட்கவில்லை, உங்கள் அண்ணனையும் கேட்கவில்லை. முன்பல் கறுத்து, கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து, சோறு மெல்ல முடியாமல் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடம் போய் உத்தரவு வாங்குவது?

அந்தப் பல் எப்படிச் சொத்தையானது தெரியுமா? உங்கள் அண்ணன் தறியில் உட்கார்ந்தால் இவள் பக்கத்தில் போய் நிற்பாள். கையில் மிட்டாய் கொடுத்தால் பிசுபிசுத்த விரலோடு பட்டைத் தொட்டுவிடுவாள் என்று, கல்கண்டை நேராக வாயில் போட்டுவிடுவார். பாசத்தில் செய்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. பட்டு பத்திரமாக இருந்தது. பிள்ளையின் பல்தான் போனது.

மருந்து பூசிய அன்று சாயங்காலம் பல் மஞ்சளாக இருந்தது. உங்கள் அண்ணன் பார்த்தாரோ இல்லையோ, "அய்யய்யோ, தர்மபுரி பல்லாயிடுச்சே! இன்னாம்மா பண்ணிகினு வந்திருக்கே?" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, நேராக டெலிபோன் பூத்துக்குப் போய் உங்களுக்குப் போன் போட்டார். பட்டு நூல் விஷயமாக தர்மபுரிக்குப் போனபோது, அங்கே பல் பழுப்பேறியவர்களையும் கால் வளைந்தவர்களையும் பார்த்தவர். அவர் பயம் பொய்யில்லை.

எனக்கும் அதே பயம்தான். அதனால் பல் டாக்டரம்மாவை முன்பே துருவித் துருவிக் கேட்டேன். தர்மபுரியில் தண்ணீரிலேயே ஃப்ளூரைடு அதிகம், சின்ன வயதிலிருந்து வருஷக்கணக்காகக் குடிக்கிறார்கள். இதுவோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல்லின்மேல் பூசுகிற துளி மருந்து என்றார். அளவுக்கு மீறி விழுங்கினால் கெடுதல்தான் என்பதையும் மறைக்கவில்லை. அதனால்தான் அளந்து தானே பூசுவதாகச் சொன்னார். வீட்டில் பேஸ்டையும் பட்டாணி அளவுதான் வைக்க வேண்டுமாம், துப்பச் சொல்ல வேண்டுமாம். அந்த மஞ்சள், மருந்தின் நிறம்தான். மறுநாள் காலையில் பல் தேய்த்ததும் போய்விட்டது. அதைச் சொல்ல யாரும் பூத்துக்கு ஓடவில்லை.

உங்கள் அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அவர் சட்டைப் பையில் இப்போது கல்கண்டு இல்லை, வேர்க்கடலை இருக்கிறது. துவைக்கும்போது பார்த்தேன்.

போன தடவை அனுப்பிய போட்டோவில் வாயை இறுக்கி மூடியிருக்கிறாளே, அப்பா மேல் கோபமா என்று கேட்டிருந்தீர்கள். கோபமில்லை மாமா. கறுத்த பல்லை உங்களுக்குக் காட்ட வெட்கம். அதில் ஒன்று விழுந்து புதுப்பல் எட்டிப் பார்க்கிறது. இத்துடன் வேறு போட்டோ வைத்திருக்கிறேன். நன்றாகப் பாருங்கள், ஈ என்று இளிக்கிறாள்.

படவேட்டு அம்மன் உங்களை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஆடி முடிந்ததும் அடுத்த பூச்சுக்குக் கூட்டிப்போவேன். இந்தத் தடவை தகப்பன் கையெழுத்து கேட்டார்கள், நான்தான் போட்டேன். அடுத்த தடவையும் போடுவேன். ஆனால் அதற்குள் நீங்கள் வந்துவிட்டால் பேனாவை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். வந்துவிடுங்கள்.

உங்கள்,
துர்கா