கீரி தின்ன வாத்துங்க

செப்டம்பர் 4, 1953, வெள்ளி

என்னப்பா நோட்டு, சௌக்கியமா? நாலு நாளா உன்னைத் தொடல, கோவிச்சுக்காத. நேத்து எங்க ஊரு தந்தாவுல கச்சேரி. பாடினது உஸ்தாத் ஸனாத்தி, பக்கத்துல பிடில் நான். த்தூ, சொல்லவே வாய் நாறுது. கபாப் வாங்கிக் குடுத்து ஆறு பேரை மூணாவது வரிசையில உக்கார வெச்சிருக்கான், சபாஷ் போடுற மாதிரி 'அல்லா! அல்லா!'ன்னு கத்துறதுக்கு. கத்தட்டும், எப்பக் கத்தணும்னாவது தெரிய வேணாமா? பாட்டு எங்கெங்கயோ சுத்திட்டு வீட்டுக்கு, அதான் கிளம்பின சுரத்துக்கே, திரும்பி வந்து உக்காரும் பாரு, அந்த நொடியிலதான் கேக்குறவனுக்குத் தன்னால வாய் திறக்கும். இவனுங்க அது வாசப்படியை மிதிக்கிறதுக்குள்ளயே கத்துறானுங்க. கழுதைச் சந்தை தேவலாம்.

நமக்கு அந்த ஈனப் பொழப்பு இல்ல. நான் தனியா வாசிச்சு முடிக்கிறப்ப, முன்வரிசையிலேர்ந்து ஊறுகாய்க்கடை ஹாஜி தில்பானி ஒரு 'அல்லா' விடுவார். பதினோரு வருசத்துல ஒரு தடவைகூட இடம் தப்பினதில்ல.

கொட்டாயில மறுபடி கீரி பூந்து வாத்தைத் தூக்கிருச்சாம். என் பொஞ்சாதி இன்சாஃப் சொன்னா. மாசம் ஒண்ணு. அதிசயமான கீரி, ஒரு இறகுகூட மிச்சம் வைக்கிறதில்ல. என் மாமனார் வீட்டுக் கீரி ஒண்ணு இப்படித்தான்... சரி, அது பெரிய கதை.

செப்டம்பர் 10

கெய்ரோ ரேடியோவுலேர்ந்து ஒருத்தர் இருபத்தி நாலாந் தேதி வர்றாராம். எங்க கச்சேரியைக் கேட்டுட்டு, புடிச்சிருந்தா என்னை ரேடியோ குழுவுக்கு எடுத்துக்குவாராம். எனக்கு நாப்பத்தாறு வயசு. இதை விட்டா இன்னொருத்தன் எங்க வரப்போறான்?

ஸனாத்தி கேக்குறான்: "யோவ் குபாஷி, அன்னிக்கு உனக்கும் நம்ம ஆளுங்க கத்தட்டுமா?"

"உன் வாடகை வாயை நீயே வெச்சுக்க. எனக்குக் கத்துறவர் மனசாரக் கத்துறவர்"னேன். எல்லார் முன்னாலயும்தான் சொன்னேன்.

செப்டம்பர் 13

எலுமிச்சங்கா ஊறுகா வாங்கப் போனேன். கடையில ஆளக் காணோம், கொல்லைப்பக்கம் எட்டிப் பாத்தேன். காலுல மருதாணி வெச்ச வாத்து ஒண்ணு நிக்குது. ஊருலயே வாத்துக்கு மருதாணி வெக்கிறவ ஒருத்திதான்.

"ஹாஜியாரே, இது எங்க வாத்து."

"உங்க வாத்துதான். மாசாமாசம் உன் வீட்டுக்காரி குடுத்துவிடுறது. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்"னு முழிக்கிறார்.

பதினோரு வருசம்! நான் உருகி உருகிக் கேட்ட அத்தனை 'அல்லா'வும் வாத்துக்கறி. சீ.

வீட்டுல வந்து கத்தினேன். அவ அசரல. மகன் பேரை வெச்சுத்தான் என்னைக் கூப்பிடுவா. "ரிள்வான் வாப்பா, முதல் கச்சேரியில ஒருத்தனும் வாய் திறக்கலன்னு மூணு நாள் சாப்பிடாமக் கிடந்தது யாரு? பிடிலை அடுப்புல வைக்கப் போனது யாரு?"

"வைக்க விட்டிருக்கலாமேடி!"

"விட்டிருந்தா ஒரு வேளை சமையலாவது ஆயிருக்கும்."

செப்டம்பர் 14

ஸனாத்தியைப் பாத்துத் துப்பினேனே, அத்தனையும் என் மூஞ்சியிலதான் வழியுது.

செப்டம்பர் 18

ஹாஜியார்கிட்ட நேத்துக் கச்சேரிக்கு முன்னாடியே சொல்லிட்டேன். "இனிமே வாத்து கிடையாது. வாங்க, உக்காருங்க. தானா வந்தாத்தான் வாய் திறக்கணும், சத்தியம் பண்ணுங்க." பண்ணினார்.

நேத்து மாவுமில்காரர் வீட்டுக் கல்யாணம். ஒம்பது தடவை பாட்டை வீட்டுக்குக் கூட்டியாந்து உக்கார வெச்சேன். ஹாஜியார் கல்லு மாதிரி இருக்கார். பூசணி விதையைக் கொறிச்சுக்கிட்டு வேற. பத்தாவது தடவை விரல் வழுக்கிருச்சு. தெரியாத சந்து ஒண்ணுல பூந்துட்டேன். வெளிய வர வழி தெரியல. பயத்துல எதை எதையோ புடிச்சுத் தொங்கி, எப்படியோ வாசல்ல வந்து விழுந்தேன்.

"அல்லா!"

ஹாஜியார் எந்திரிச்சே நின்னுட்டார். மடியில இருந்த விதையெல்லாம் கொட்டிருச்சு. அப்புறம் வெக்கப்பட்டு உக்காந்தார். "நான் கத்தணும்னு நெனைக்கல குபாஷி. வந்துருச்சு"ன்னார்.

செப்டம்பர் 21

மூணு நாளா பிடில்ல அந்தச் சந்து எங்கன்னு தேடுறேன். ஆப்புடல.

செப்டம்பர் 23

நாளைக்கு ரேடியோக்காரர் வர்றார். ஒரே ஒரு 'அல்லா' நெசம். அது எனக்குத் தெரியும், அதை நெனச்சுக்கிட்டே நிம்மதியாக் கண்ணை மூடலாம். ஆனா ரேடியோக்காரர் பத்தாவது தடவை வரைக்கும் உக்காந்திருப்பாரா? பத்தாவதுலயும் அது வரலன்னா? த்தூ, என் பொழப்பு! ஹாஜியார் இன்னும் கடை அடைச்சிருக்க மாட்டார். மசூதிக்குப் பின்னால போனா எவன் கண்ணுலயும் பட வேணாம். வாத்து என் மடியிலதான் இருக்கு, நோட்டு, உன் மேல அசிங்கம் பண்ணிருச்சு, துடைக்கல, இருக்கட்டும், நமக்கு அதுதான் லாயக்கு. இன்சாஃப் கொட்டாயிலேர்ந்து கூப்பிடுறா. "ரிள்வான் வாப்பா, அது முட்டையிடுறது, அதை விடுங்க! இங்க வந்து கொழுத்ததைப் புடிங்க!" இருடி, வர்றேன். கீரின்னா கீரிதான், போ, நாளைக்கு மட்டும் ஹாஜியார் சரியான எடத்துல கத்திட்டாப் போதும்.