ஆனையூர் பஸ்ஸில் தமிழுக்குத் தடை

யாரும் நம்பமாட்டாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன், மாப்ள. கப்பலூர் தொழிற்பேட்டையின் அத்தனை புகைக்கூண்டுகள் மேலும் ஆணை! நீயும் நம்ப வேண்டாம். செத்துப்போனவன் நம்பி என்ன ஆகப்போகிறது?

இன்று காலை உன் மகள் ஆனையூர் நிறுத்தத்துக்கே வந்து ஒரு நோட்டைக் கையில் திணித்தாள். "அப்பா சாப்பாட்டுப் பையில இருந்துச்சு மாமா. ஒங்க எழுத்தும் இருக்கு." பிரித்தால் குப்பென்று மெஷின் ஆயில் வாடை. முதல் பக்கத்தில் உன் கோணல் இங்கிலீஷ் எழுத்தில் டால், டாலர், பிக், பிக்கர். பிக்கரில் ஒரு 'ஜி' குறைகிறது என்று நான் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. கம்பெனி பஸ் ஏறியதும் உன் சீட்டை ஓங்கி ஒரு குத்து விட்டேன். திருமங்கலம் வரைக்கும் ரோடு குலுங்கியது.

இருபத்தாறு வருடம் லேத்தில் நின்ற நம் இருவரையும் சூப்பர்வைசர் ஆக்கலாம் என்று யாருக்கோ புத்தி வந்தது. ஆனால் புது மேனேஜர் இங்கிலீஷில்தான் கேட்பாராம். பழைய மெஷினையும் புது மெஷினையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்வாராம். அன்றே நான் மகாராஜா தோரணையில் சட்டம் போட்டேன்: பஸ் ஏறியதிலிருந்து கம்பெனி கேட் வரை தமிழ் கூடாது. எதையும் எதனோடாவது ஒப்பிட்டுத்தான் பேச வேண்டும். மீறினவன் பஸ் முழுக்க வடை வாங்கித் தர வேண்டும்.

அடடா, என்ன ஆட்சி அது! "டிரைவர் மீசை பிக்கர் தேன் ஸ்டியரிங்" என்று நீ தொடங்குவாய்.

"ஐ ஆம் ஹேண்ட்சமர் தேன் யூ" என்பேன்.

"நோ மாமா. யூ ஒன்லி ஓல்டர்."

பின்சீட்டுப் பெயிண்டர் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். "இங்கிலீஷ்காரன் இதுக்குப் பயந்துதான்டா அன்னைக்கே ஊரவிட்டு ஓடுனான்!" பஸ் சிரித்த சிரிப்பில் வைகையில் வெள்ளம் வந்தது. டோல்கேட் தானாகத் திறந்துகொண்டது.

அப்புறம் அந்த வியாழக்கிழமை. மறுநாள் நேர்காணல். ஏறும்போதே உன் சட்டை வேர்வையில் ஊறியிருந்தது.

"ஹவ் ஆர் யூ?" என்றேன்.

எங்கெங்கோ வார்த்தை தேடி, "பெட்டர்" என்றாய்.

"பெட்டர் தேன் வாட்?" என்று வாத்தியார் மிடுக்கோடு மடக்கினேன்.

"பெட்டர் தேன் எஸ்டர்டே."

பஸ்ஸே கைதட்டியது. முதலில் தட்டியவன் நான். நீ ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். கேட் வந்தது. எல்லோரும் இறங்கினோம். நீ இறங்கவில்லை.

அந்த 'எஸ்டர்டே' எப்படி இருந்தது என்பதை உன் பெண்டாட்டி பிறகுதான் சொன்னாள். "மொத நாளே நெஞ்சு பிசையுதுன்னாருண்ணே. ஆசுபத்திரிக்குப் போவோம்னா, இன்டர்வியூ முடியட்டும்ங்கிறாரு."

கேனப்பயலே! நெஞ்சு வலிக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டால் தமிழில் அலறியிருக்க வேண்டியதுதானே? 'மாமா, வலிக்குது.' ரெண்டே சொல். போனால் ஐம்பது வடை! மதுரையில் இருக்கிற அத்தனை எண்ணெய்ச் சட்டியையும் நானே தூக்கிக்கொண்டு வந்திருப்பேனே! சிக்னல் கம்பங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பஸ்ஸை கே.கே. நகர் டாக்டரின் மேஜை மேலேயே ஏற்றியிருப்பேனே! சட்டம் போட்டவன் ஒரு கிறுக்கன் என்று உனக்குத் தெரியாதா? அதை மீற உனக்கு என்ன கேடு? என்னிடம் எத்தனை நாள் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறாய், எல்லாவற்றையும் மன்னிக்கிறேன். அந்த ஒரு 'பெட்டரை' மட்டும் மன்னிக்கவே மாட்டேன்.

மறுநாள் நேர்காணலுக்கு நான் போகவில்லை. மறுபடி கூப்பிட்டபோது போனேன். நான்தான் இப்போது சூப்பர்வைசர். என் லைனில் எவனாவது முகம் வாடி நின்று "பரவாயில்ல சார்" என்றால் மெஷினை நிறுத்திவிடுகிறேன். "எதவிடப் பரவாயில்ல? என்ன செய்யுதுன்னு வாயத் தொறந்து சொல்லுடா!" எனக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று கேன்டீனில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

சரி மாப்ள, ரோடு குலுங்கவில்லை. வைகை வறண்டுதான் கிடந்தது. என் சிரிப்புக்கு எந்த டோல்கேட்டும் திறந்ததில்லை. நீ தமிழில் சொல்லவே இல்லை என்று மேலே கத்தினேனே, அதுவும் பொய். இந்தப் புளுகு மூட்டையில் நிஜம் ஒரே ஒரு துளிதான். 'பெட்டர்' என்பதற்கு முன்னால் நீ நெஞ்சில் கை வைத்து, "மாமா, இங்கன..." என்று தொடங்கினாய். நான்தான் விரலை ஆட்டி, "நோ தமிழ்" என்றேன்.