மாதா போன வீடெல்லாம் இருமல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எட்டாம் மாதச் செக்கப். டாக்டரம்மா ஊசி எழுதிக் கொடுத்தார். “அதான் ஹெல்த் சென்டர்ல போட்டாச்சே” என்றேன். அது வேறு, இதில் கக்குவான் இருமலுக்கும் சேர்த்து இருக்கிறது என்றார். பச்சைப் பிள்ளைக்கு ஆறு வாரம் ஆனால்தான் சொந்த ஊசி, அதுவரைக்கும் நான் கொடுத்தனுப்புவதுதான் காவல். வீட்டில் பிள்ளையைத் தூக்கப் போகிறவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

“குழந்தை இருமினா பயம் இல்ல ரெனிதா. சில குழந்தை இருமவே இருமாது. சத்தமே இல்லாம மூச்சு நின்னுடும்” என்றார். எதற்குச் சொன்னாரோ. வழியெல்லாம் அதுதான் காதில்.

கை வலிக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

என் வீட்டுக்காரர் யூஜின் ஊசி போட்டுக்கொண்டு ஏதோ போருக்குப் போய் வந்த மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அம்மா, அத்தை, என் டாக்டரிடம் வர மாட்டேன் என்றார். “நம்ம தெரு கிளினிக்லயே போட்டுக்கினு வந்துடறேன்ம்மா. இருவது வருசமா காட்டறேன், அவருக்கு என் ஒடம்பு தெரியும்.” போய் வந்து, பஞ்சு ஒட்டிய கையைக் காட்டினார். அம்மா இல்லாத எனக்கு இந்தப் பிரசவத்தைப் பார்க்கப்போவது அத்தைதான். நிம்மதி.

செப்டம்பர் 19, வெள்ளி

பையன். இரண்டு கிலோ எண்ணூறு. நன்றாகக் கத்தினான். கத்தட்டும்.

அக்டோபர் 1, புதன்

ஜெபமாலை மாதம் தொடங்கிவிட்டது. எங்கள் அன்பியத்தில், தெருக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழுவில், மாதா சுரூபம் நாளுக்கு ஒரு வீடாகத் தெரு முழுக்கப் போகும். சாயங்காலம் எல்லாரும் கூடி ஜெபம் சொல்லி, மாதாவை அடுத்த வீட்டில் இறக்கிவிட்டு வருவார்கள். சுரூபத்தைத் தூக்குவது அத்தையின் உரிமை. யாரையும் தொட விட மாட்டார்.

முன்னால் சொல்லிக்கொடுப்பது ஆரோக்கியசாமி அண்ணன். பாடி பக்கம் ஒரு ஃபேக்டரியில் முப்பது வருஷம் இருந்தவர். நான் படுத்த இடத்திலிருந்தே எல்லாம் கேட்கிறது. ஜெபத்துக்கு நடுவில் அவருக்கு இருமல் வந்தது. விடாமல், மூச்சு வாங்க இடமே இல்லாமல், கடைசியில் ஓர் இழுப்பு. கூட்டம் காத்திருந்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

ஃபேக்டரி தூசி என்கிறார் அத்தை.

அக்டோபர் 7, செவ்வாய்

கால் சென்டரில் என் வேலையே அடுத்தவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதுதான். பதிவான அழைப்புகளில் யார் சலித்துக்கொண்டார்கள், யார் பொய் சொல்கிறார்கள் என்று மார்க் போடுவேன். லீவு கிடைத்தது, காதுக்குக் கிடைக்கவில்லை. சாயங்காலமானால் ஜெபம் எந்த வீட்டில் நடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். தெருக்கோடியில் தொடங்கியது, ஒவ்வொரு வீடாக இந்தப் பக்கம் நகர்ந்து வருகிறது. இருமலும் கூடவே நகர்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது. முதல் நாள் மாதா இருந்த வீட்டில் இப்போது யாரோ இருமுகிறார்கள். இரண்டாம் நாள் வீட்டில் ஜாஸ்லின், ஐந்தாவது படிக்கிற பெண், காலையில் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கும்போது இருமியபடியே குனிந்து தரையைப் பிடித்துக்கொண்டாள். அதே இழுப்பு, கடைசியில்.

மாதா வந்துவிட்டுப் போன வீடுகள். வரிசையாக.

யூஜினிடம் சொன்னேன். சிரித்தார். “மாதாவையே சந்தேகப்படறியா? பாதர் காதுல விழுந்தா நீ தீர்ந்த.” மாதாவை யார் சொன்னது? மாதாவோடு வருகிறவர்களைச் சொல்கிறேன். ஆனால் சாயங்காலம் நீல விளக்கு போட்ட அந்தச் சுரூபம் தெருவில் அசைந்து வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டேன். ஏன் போனேன்? எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 15, புதன்

சனிக்கிழமை எங்கள் வீடு. வேண்டாம் என்றேன். அத்தை முகம் செத்துப்போயிற்று.

“பச்சப் புள்ள கீற ஊட்டுக்குத்தான்ம்மா மாதா மொதல்ல வரணும். நீ போய் வேணான்றியே!”

“மாதா வரட்டும் அத்தை. ஆரோக்கியசாமி அண்ணன் வேண்டாம். அவர் இருமல் நல்ல இருமல் இல்ல.”

“அவுரு இல்லாம யாரு ஜெபம் சொல்றது? எந்த மூஞ்ச வெச்சிகினு போய் அவுராண்ட சொல்லுவேன்?”

சாயங்காலம் அவரே வாசல் வரைக்கும் வந்து, ரெனிதா பொண்ணுக்கு பீட்ரூட் வாங்கி வந்தேன் என்று பையை நீட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்டவராயிருந்தால் கதவைச் சாத்துவது எவ்வளவு சுலபம்.

கடைசியில் ஒப்பந்தம்: ஜெபம் முடியும்வரை நானும் பிள்ளையும் உள்ளறையில். கதவு சாத்தியிருக்கும். யாரும் பிள்ளையைப் பார்க்கக் கேட்கக் கூடாது.

அக்டோபர் 18, சனி

வந்தார்கள், போனார்கள். மாதா சுரூபம் ஹாலில் இருக்கிறது.

கதவுக்கு அடியில் துணி சொருகியிருந்தேன். பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு நானும் உதடு அசைத்தேன். ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணி சொல்லும்போது அவர் இருமல் வந்தது. அது அடங்கிய பிறகு இன்னொரு இருமல். துணிக்குள் அமுக்கிய, சின்ன இருமல். கூட்டத்தில் யாருடையது? முன்பே கேட்ட குரல் மாதிரி இருந்தது, இடம் தெரியவில்லை. ஆயிரம் பேர் குரலைப் பிரித்து மார்க் போடுகிறவளுக்கு இது தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்.

எல்லாரும் போன பிறகு அத்தை வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். “பாத்தியா, ஒண்ணும் ஆவல” என்றார். ஆகவில்லைதான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெரு முழுக்கப் புகை. எல்லா வீட்டிலும் இருமுகிறார்கள், எல்லாரும் பட்டாசைத் திட்டுகிறார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அத்தை திடீரென்று முகத்தைத் தோளுக்குத் திருப்பி, முந்தானைக்குள் இருமினார்.

அந்த இருமல். ஜெபத்தன்று கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

“மெழுவத்திப் பொகைம்மா” என்றார். அத்தை ஊசி போட்டவர்தானே. கையில் பஞ்சைப் பார்த்தேனே. ஊசி போட்டவர்களுக்கும் சளி பிடிக்காதா என்ன? பயந்து பயந்து எனக்கு மூளை கெட்டுவிட்டது.

அக்டோபர் 29, புதன் — ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை.

மத்தியானம். மழை. யூஜின் வேலையில். பிள்ளை கட்டிலில், நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் மூச்சு எனக்குப் பழகிப்போன சத்தம், கேட்கிறோம் என்பதே தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அது இல்லை. இருமவில்லை, அழவில்லை. ஒன்றுமே இல்லை. மழைச் சத்தம் மட்டும். திரும்பிப் பார்த்தால் உதடு நாவப்பழம் தின்ன மாதிரி —

கத்தினேனா? தெரியல. தூக்கி முதுகைத் தேய்ச்சேன், உள்ளங்காலைச் சுண்டினேன். கண்ணு, டேய், மூச்சு விடுடா, மூச்சு விடுடா. எவ்ளோ நேரம்னு தெரியல. அப்புறம் ஒரு இழுப்பு இழுத்தான் பாரு — அந்த இழுப்பு. தெருவெல்லாம் கேட்ட அதே இழுப்பு, இத்துனூண்டு நெஞ்சுக்குள்ள.

அத்தை செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். ஆட்டோவில் பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். கொடுக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

இங்கே வந்ததும் டாக்டர் கேட்டார், வீட்டில் யாருக்கு இருமல், யார் யார் ஊசி போட்டது என்று. அத்தைதான் முந்திக்கொண்டு சொன்னார்.

“எல்லாரும் போட்டுக்கினோம் டாக்டர். நானும் போட்டுக்கினேன். துரு புடிச்ச ஆணி குத்தினா போடுவாங்களே, அந்த ஊசிதான். கெளினிக்ல தடுப்பூசி போடுன்னேன், அதான் போட்டாங்க.”

டாக்டர் அத்தையைப் பார்த்தார். “அது வேற ஊசிம்மா. அதுல கக்குவானுக்கு இல்ல.”

அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஊசி போட்ட இடத்தை. பிறகு இருமல் வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வார்டுக்கு வெளியே ஓடினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குனிந்து குனிந்து இருமியதைப் பார்த்தேன். இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை.

ஒரு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டு நான் யாரைத் தள்ளிவைத்தேன்? தினமும் குளிப்பாட்டிய கை, கன்னத்தோடு வைத்துக் கொஞ்சிய முகம்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்னும் குழாய் மாட்டித்தான் மூச்சு. நேற்று இரண்டு தடவை நின்றது. மெஷின் அலறியதும் நர்ஸ் வந்து தட்டினார். நீங்கள் எட்டாம் மாதத்தில் போட்டுக்கொண்டதால்தான் இந்த மட்டோடு நிற்கிறது என்கிறார் டாக்டர். நிற்கிறது என்ற வார்த்தையை வேறு யாராவது சொன்னால் அறைந்துவிடுவேன்.

எங்கள் எல்லாருக்கும் மாத்திரை. தெருவுக்கும் சொல்லி அனுப்பினார்கள். ஆரோக்கியசாமி அண்ணனை இரும ஆரம்பித்தே எத்தனை வாரம் என்று கேட்டார்களாம். “தூசின்னு நெனச்சேன்” என்று அழுதாராம்.

நவம்பர் 6, வியாழன்

தானாக மூச்சு விடுகிறான்.

நவம்பர் 13, வியாழன்

வீடு. அத்தை வாசல் ரூமுக்குப் போய்விட்டார். தட்டு தனி, டம்ளர் தனி. நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கோபமா? ஆமாம், கோபம்தான். தெரியாமல் செய்தார் என்று தெரியும், இருந்தும் கோபம். அந்த ஊசியின் பேரை ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க எனக்குத் தோன்றவில்லையே, அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது?

நவம்பர் 25, செவ்வாய்

அத்தைக்குத் தொற்று விட்டுவிட்டது, பிள்ளையைத் தூக்கலாம் என்று டாக்டர் சொல்லி நாளாகிறது. அத்தை உள்ளே வருவதில்லை. மற்றபடி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகிறார்.

டிசம்பர் 4, வியாழன்

பையன் சிரிக்கிறான். ஃபேனைப் பார்த்து. அடிக்கொரு தரம் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்த அத்தை, உள்ளறை வாசலில் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். யூஜின் மொட்டை மாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்தார். நான் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. அத்தையின் மூச்சு கேட்டது. உள்ளே, வெளியே. தடங்கல் இல்லை, கரகரப்பு இல்லை.

“கேட்டுட்டியாம்மா?” என்றார். “இன்னும் நிக்கணும்னாலும் நிக்கறேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அத்தனை நாளும் சுவருக்கு இந்தப் பக்கம், அவர் இருமுகிறாரா என்று நான் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எழுந்து போய்ப் பிள்ளையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், தன் மூச்சு அவன் மேல் படாதபடி. “இப்படிப் பாருங்க அத்தை” என்றேன். “பரவால்லம்மா” என்றார். அவன் அண்ணாந்து அவர் முகத்தைத் தேடிக்கொண்டே இருந்தான். கடைசிவரைக்கும் அவர் திரும்பவில்லை.