மகளின் கையெழுத்து

காலையிலிருந்து மழை. பின்னறை அலமாரியைத் திறந்தேன். ஈரச் சுவரின் வாடை முகத்தில் அடித்தது. இந்த வாடையை முதலில் கண்டுபிடித்தவள் என் தோழி நீதான். வீடு பார்க்க வந்த அன்று இதே மூலையில் சுவரோடு மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு, "புதுசா பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. உள்ள தண்ணி எறங்குது" என்றாய். தரகர் சிரித்தார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

"வெயில்ல எல்லா வூடும் நல்ல வூடுதான் புள்ள. மழையில போய்ப் பாக்கோணும்." மைசூருக்கு வந்து இத்தனை வருடமாகியும் உன் பேச்சில் பிறந்த ஊரான மார்டள்ளி போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடித்து, தூங்காமல், மழைக்கோட்டோடு என்கூட வந்திருந்தாய். மொட்டைமாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்தாய். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்கும் சாக்கில் எதிர்வீட்டுக்குள் போய், அரைமணி நேரம் கன்னடத்தில் பேசிவிட்டு வந்தாய். பத்திரத்தில் இல்லாதது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்பது உன் எண்ணம்.

அன்று அப்படித்தான் தெரியவந்தது.

"இந்த வூட்டுக்காரரு, செத்துப்போன பெரியவருக்கு ரெண்டு பசங்க மட்டும் இல்ல. ஒரு பொண்ணும் இருக்குது. கொள்ளேகாலத்துல கட்டிக் குடுத்திருக்காங்க. அந்தப் புள்ள கையெழுத்து எங்க?"

தரகர் குடையை மடக்கிக்கொண்டே, "சும்மா பயப்படாதீங்க மேடம். கல்யாணத்துலயே அவங்களுக்கு எல்லாம் செஞ்சாச்சு" என்றார். விற்கிறவர்கள் காட்டிய வாரிசுக் காகிதத்தில் இரண்டு மகன்களின் பெயர் மட்டுமே இருந்தது. வங்கி வக்கீல் அதைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கடன் கிடைத்துவிட்டது. வீடு கைநழுவிப் போய்விடுமோ என்ற பதற்றம் எனக்கு.

ஆட்டோவில் திரும்பும்போது நீ மறுபடி ஆரம்பித்தாய். "இந்தா இருக்குது கொள்ளேகாலம். நாளைக்கு எனக்கு லீவு. அந்தப் பொண்ணை ஒருக்கா பாத்துட்டு வந்துரலாம்."

"உனக்கு எதுலயும் குத்தம்தான். அதனாலதான் இன்னும் வாடகை வீட்லயே கிடக்குறே" என்றேன்.

நீ வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாய். அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்தைப் பற்றி நீ வாயைத் திறக்கவில்லை. வீட்டை வாங்கியபின் பாதர் வந்து ஜெபித்து மந்திரித்த நாளில் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாய்.

மூன்றாம் வருடம் நோட்டீஸ் வந்தது. கொள்ளேகாலத்து மகள் தன் பங்கைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தாள். அண்ணன்கள் பேரிலும், என் பேரிலும். முதல் வாய்தாவுக்கு நீயும் வந்தாய். வக்கீலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், வராந்தா பெஞ்சில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து உன் எலுமிச்சம்பழச் சாதத்தை அவளோடு பங்கு போட்டுக்கொண்டிருந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ யார் பக்கம்?" என்று பஸ் நிறுத்தத்தில் கேட்டேன்.

நீ டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாய். பிறகு சொன்னாய்: "எங்க அண்ணனுங்க திருவிழாவுக்கு வான்னு கூப்பிட்டாங்க. புதுச் சேலை கட்டிக்கிட்டுப் போனேன். நேரா ரெஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய், எனக்குப் பங்கு வேண்டாம்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. மறுக்க வாய் வரல. இதை யாருகிட்டயும் சொல்லிராத."

உன் வாடகை வீட்டைப் பற்றி நான் பேசிய பேச்சு அப்போது எனக்குள் திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பிறகு கேட்கலாம் என்று இருந்தேன். பிறகு உனக்கு உடம்புக்கு முடியாமல் போனது.

உன்னைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் உன் அண்ணன்கள் முன்வரிசையில் நின்று அழுதார்கள். நான் பின்னால் நின்றுகொண்டேன்.

போன மாதம் என் வக்கீல், கோர்ட்டில் கொடுக்க நான் கையெழுத்திட வேண்டிய ஒரு காகிதத்தை நீட்டினார். மகள் இருப்பது தெரியாமல் வீட்டை வாங்கினேன் என்று அதில் இருந்தது.

"தெரியுமே சார். என் தோழி சொன்னா."

"அவங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்களா?"

"அவ இப்ப இல்ல."

"அப்புறம் என்ன மேடம்? யாருக்குத் தெரியப்போகுது?"

பேனாவைக் கையில் வாங்கினேன். மூடியைக் கழற்றினேன். அதை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வீட்டில் கணவரிடம் சொன்னதும் அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "பாதிக் கடன்கூட அடையல. வீடு போனா எங்க போய் நிப்போம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

போன சனிக்கிழமை கொள்ளேகாலத்துக்குத் தனியாகப் போனேன். அந்த மகள் கதவைத் திறந்து, உள்ளே விடுவதா வேண்டாமா என்று நின்றாள். தெரிந்தேதான் வாங்கினேன், கோர்ட்டிலும் அப்படியே சொல்லப்போகிறேன் என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வாசலை எட்டிப் பார்த்து, "நர்ஸ் அக்கா வரலையா?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

சொன்னேன். "ஒருநாள் சாப்பாடுதான் குடுத்தாங்க" என்று அவள் அழுதாள். "அன்னிக்கு எனக்குப் பேச யாருமே இல்ல. எதுக்கு அவங்களுக்கு என்மேல அவ்வளவு பிரியம்?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ கேட்டுக்கொண்டபடி அதை என்னோடே வைத்துக்கொண்டு திரும்பினேன்.