கவசம் போட்டும் போடாமலும் விழுந்தேன்

ஷார்ஜா
12.2.2007

அன்பு மகள் ஹஃபீஸாவுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. ரப்புடைய கிருபையில் நானும் வாப்பாவும் சுகம், கனடாவில் அந்தக் கால்கரிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, கீழ்வீட்டு ஜுபைதா தன் மகளுக்கு மஸ்கட்டில் மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டாள், உன்னிடம் சொல்லச் சொன்னாள். போனில் பேசினால் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் கடிதம்.

பத்து நாளைக்கு முந்தி போனில் நடந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. மார்ச்சில் பனிச்சறுக்குப் போட்டி, முதுகுக்குக் கவசம் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறேன், போட்டால் குனிய முடியவில்லை, கூட இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் போடுவதில்லை என்று நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். வாப்பா உடனே, கவசம் இல்லேன்னா சறுக்கே வேணாம், கலாஸ், பேச்சு முடிஞ்சிச்சு என்று சொல்லிவிட்டார். நீயும், நீங்க ஒரு தடவையாவது பனியில நின்னிருக்கீங்களா வாப்பா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கு நீ கேட்டது நியாயமாகப் பட்டது.

அதனால் போன செவ்வாய்க்கிழமை அவர் கடைக்குப் போனதும் ஜுபைதாவைக் கூட்டிக்கொண்டு, துபாயில் நீ பழகின பனிக்கூடத்துக்கே போய்ப் புதுசாகப் படிக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். சிரிக்காதே. அபாயாவைக் கழற்றி அவர்கள் கொடுத்த கோட்டையும் காற்சட்டையையும் மாட்டி, முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் வைத்து நின்றபோது ஜுபைதாவுக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்றடி நகர்ந்திருப்பேன், மல்லாக்க விழுந்தேன். இடுப்புக்குக் கீழே இடி இறங்கின மாதிரி இருந்தது. பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற மட்டக்களப்புப் பெண் தாமரையிடம் போய், கவசம் கிடைக்குமா என் மகளுக்காகப் பார்க்க வேண்டும் என்றேன். உன் பேரைச் சொன்னதுதான் தாமதம், ஹஃபீஸாட அம்மாவோ நீங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ விழாத நாளே இல்லை அன்ரி, ஒருக்கா தோள் எல்லாம் நீலமாப் போச்சு, வீட்டில சொல்லாதேங்கோ எண்டு என்னட்ட சத்தியம் வாங்கினவ என்றாள். வெள்ளிக்கிழமை தோறும் நீ அங்கே தோழிகளோடு சும்மா விளையாடிவிட்டு வருகிறாய் என்றல்லவா மகளே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தியின் கவசத்தை வாங்கித் தாமரையே எனக்குக் கட்டிவிட்டாள். பின்னாலிருந்து யாரோ பிடித்து நிமிர்த்துகிற மாதிரிதான் இருந்தது, குனியவும் முடியவில்லை, நீ சொன்னது பொய்யில்லை. ஆனால் மறுபடி விழுந்தபோது முதுகில் அடி உறைக்கவில்லை. அந்தத் தைரியத்தில் பயிற்சிக்காரர்கள் சொன்ன எல்லையைத் தாண்டிப் போய் வலையில் மோதி, முழங்கால் திருகிக்கொண்டது. தாமரை ஓடி வந்து தூக்கிவிட்டு, இது முதுகில படுற அடியைத்தான் தாங்கும் அன்ரி, காலையும் கழுத்தையும் காப்பாத்தாது என்றாள். குனிய முடியவில்லை என்றதற்கு, உங்களுக்கு இது அளவு பெரிசு, மகளும் ஒரு அளவு சின்னதாப் போட்டுப் பார்க்கட்டும் என்றாள்.

நொண்டிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து வாப்பா, அம்பது வயசுல ஐஸ்ல போயி உருண்டியா, புத்தி கெட்டுப் போச்சா என்று சத்தம் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், உன் தோளையும் சேர்த்து. அம்புட்டு விழுந்தும் விடலயா அவ என்று கேட்டார். அப்புறம், சரி, விழுந்தவளுக்குத் தெரியும், அவளே முடிவு பண்ணட்டும் என்றார். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என் மகள் பனிமலையில் போட்டிக்குப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆக முடிவு உன்னுடையது. என்னைக் கேட்டால், சின்ன அளவு வாங்கிப் போட்டுக்கொள் என்பேன், ஆனால் அதை நம்பி என்னை மாதிரி எல்லை தாண்டாதே. பனிக்கூடத்துச் சரிவின் உச்சியை நான் கீழேயிருந்துதான் பார்த்தேன். அங்கிருந்து என் மகள் இறங்கி வந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது. அல்லாஹ் உன் எலும்பு ஒவ்வொன்றையும் காப்பானாக, உன் துணிச்சலையும் குறைக்காமல் வைப்பானாக. வாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை நீயே போன் செய், அவர் காத்திருக்கிறார். ஒன்றை மட்டும் அவரிடம் உளறிவிடாதே, முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, நாளைக்கு மறுபடியும் போகிறேன்.

துஆவுடன்,
உன் உம்மா
ஷம்சியா