விளிம்பு வரை பெட்ரோல்

புவோலங்கா,
20 செப்டம்பர் 1970

அன்புள்ள டௌனோ,

நானும் உன் பெண் மார்கெட்டாவும் சளியைத் தவிர மற்றபடி சுகம். உன் சுகம் நீ எழுதினால்தானே தெரியும்? சுவீடனுக்குப் போய் ஐந்து வாரத்தில் ஒரே ஒரு தபாலட்டை, அதிலும் ஒரு பக்கம் கப்பல் படம். மூன்று வரி எழுதக்கூடவா அந்தத் தொழிற்சாலையில் விடமாட்டேன் என்கிறார்கள்?

உருளைக்கிழங்கு தோண்டி முடித்தாயிற்று. நேற்று முதல் உறைபனி. உன் ஜாவா மோட்டார் சைக்கிளின் சீட் வெள்ளையாகிவிட்டது. மார்கெட்டா அதில் விரலால் பூனை வரைந்தாள். வருஷா வருஷம் வண்டியைக் குளிர்காலத்துக்குக் கட்டிவைக்கும்போது என்னைக் கொட்டகைப் பக்கமே விடமாட்டாய். "பொம்பள கை பட்டா பிளக் கோவிச்சுக்கும்" என்பாய். இந்த வருஷம் பொம்பளை கை மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுது.

பக்கத்துப் பண்ணை வெய்க்கோ உதவிக்கு வருகிறேன் என்றான். வாய் சும்மா இருக்குமா? "உன்ன விட்டுட்டுப் போனது பெருசில்ல ஹில்க்கா, வண்டிய எப்படி விட்டுட்டுப் போனான்?" என்றான். மே தினத்துக்குத் திரும்பி வருகிறவருக்கு வண்டி எதற்கு என்று சொல்லி வாயை அடைத்தேன்.

உன்
ஹில்க்கா


கோத்தன்பர்க்,
4 அக்டோபர் 1970

அன்புள்ள ஹில்க்கா,

கோவிக்காதே. நாள் முழுக்கக் கார்க் கதவு, கனவிலும் கார்க் கதவு. எழுத உட்கார்ந்தால் கை ஓடுவதில்லை.

முதலில் வண்டியைக் கழுவி நன்றாகக் காயவிடு. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக நின்றுபோகும்வரை எஞ்சினை ஓடவிடு. பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கிக்கரை மெதுவாக நாலு தரம் மிதி. உதைக்காதே, மிதி. செயினுக்குக் கிரீஸ். பேட்டரியை வீட்டுக்குள் வை, அடுப்புப் பக்கம் வேண்டாம். சைலன்சர் வாயில் துணி அடை, இல்லாவிட்டால் எலி குடும்பம் நடத்தும். சக்கரம் தரையில் படாமல் பலகை கொடு.

டேங்கில் இருப்பதை எல்லாம் வடித்துவிடு. ஒரு சொட்டு இருக்கக் கூடாது. பிறகு டேங்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி புரட்டு.

இங்கே பனி இல்லை, மழைதான். மார்கெட்டாவுக்கு முத்தம்.

டௌனோ


புவோலங்கா,
18 அக்டோபர் 1970

அன்புள்ள டௌனோ,

நீ சொன்னதெல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர. பிளக் கோவிக்கவில்லை.

டேங்குக்குக் கீழே வாளியை வைக்கும்போது வெய்க்கோ கையைப் பிடித்துக்கொண்டான். "என்னம்மா பண்ற?" என்றான். உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தரம் படித்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"ஒரு குளிருக்குன்னா விளிம்பு வரைக்கும் ரொப்பணும். காலியா விட்டா உள்ள ஈரம் கட்டித் துரு பிடிச்சிரும்" என்றான்.

"அப்ப எதுக்குக் காலி பண்ணச் சொல்லுறாரு?"

"வருஷக்கணக்கா நிறுத்துறதுன்னா அப்படிப் பண்ணுவாங்க. எண்ணெய் பூசச் சொல்லியிருக்கான் பாரு. மறதியா எழுதியிருப்பான், விடு."

"ஒம்பது குளிர் ரொப்பினவரு மறப்பாரா?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் கேனை எடுத்து வந்து விளிம்பு வரை ரொப்பினேன். வழிந்து சட்டையெல்லாம் பெட்ரோல். டௌனோ, எனக்குப் பயமாக இருக்கிறது. இரவெல்லாம் சண்டை போடலாம், திட்டலாம், எதுவானாலும் தாங்குவேன். நான் ரொப்பியது சரிதான் என்று ஒரு வார்த்தை எழுது. அது போதும்.

ஹில்க்கா


கோத்தன்பர்க்,
29 நவம்பர் 1970

ஹில்க்கா,

ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மறந்து எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதவும் இல்லை. உனக்குச் சொல்ல வாய் வராததைக் கை எழுதிவிட்டது. தபாலில் போட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது.

வேறு பெண் யாரும் இல்லை. இருந்திருந்தால் உனக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பாள். அந்தக் காட்டுக்கும் அந்த இருட்டுக்கும் திரும்புவதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. உன்னை இங்கே கூப்பிடவும் மனம் வரவில்லை. ஏன் என்று கேட்காதே, தெரியவில்லை. நான் கெட்டவன், அவ்வளவுதான்.

வண்டியை விற்றுவிடு. மார்கெட்டாவிடம் உனக்குத் தோன்றியதைச் சொல்.

டௌனோ


புவோலங்கா,
9 மே 1971

டௌனோ,

வண்டியை விற்றுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இது.

குளிர் முழுக்க மார்கெட்டாவிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அது என் தப்பு.

நேற்று அடுத்த ஊரிலிருந்து ஒரு பையன் வாங்க வந்தான். ஓட்டிக் காட்டச் சொன்னான். வெய்க்கோ பேட்டரியை மாட்டி, கிக்கரை உதைத்தான். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது. கிளம்பாமல் போகக் கூடாதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு மார்கெட்டா வீட்டிலிருந்து ஓடி வந்தாள். ஒரு காலில்தான் காலுறை, உருகுகிற பனிச் சேற்றில் விழுந்து எழுந்து, "அப்பா வந்தாச்சு! அம்மா, அப்பா வந்தாச்சு!" என்று கத்திக்கொண்டு வந்தாள். அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நின்றான். வெய்க்கோ எஞ்சினை அணைத்தான். அங்கேயே, சேற்றில் மண்டியிட்டு, அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. பையன் ஏறிக் கிளம்பியபோது சாலை வரைக்கும் போய், வண்டி கண்ணுக்கு மறைகிற வரை கை காட்டிக்கொண்டு நின்றாள். நீ போன அன்று அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாதே, அழுவாள் என்றாய்.

ஹில்க்கா