பள்ளிக்கூடத்து நர்ஸ் வேலை யாருக்குப் போனது

என் தங்கமான பேத்திக்குப் பாட்டி எழுதுவது. மூட்டு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

நீ இங்கே இருந்தபோது ஒரு நேர்காணல் வந்ததே, அதற்கு முந்தின நாள் நம் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நழுவக் கூடாது. ஜன்னலோர நாற்காலியில் உன் அப்பா. கையில் பேப்பர், படித்ததாகத் தெரியவில்லை. சமையலறை வாசலில் ஈரக் கையோடு உன் அம்மா. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உன் சித்தப்பா. திரைச்சீலை தைத்துக் கொண்டுவந்த தையல்காரி, போக மனமில்லாமல் கதவோரம். நடுவில் உன் அத்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவள், வெள்ளை உடுப்பைக்கூட மாற்றவில்லை. தரையில் நீ. உனக்குப் பின்னால் உன் தலையைப் பின்னிக்கொண்டு நான்.

இப்போது உன் கடிதம் வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நர்ஸ் வேலைக்கு உன்னைக் கேட்கிறார்கள், போகலாமா, வார்டிலேயே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. 'அத்தை சொன்ன மாதிரி அது பிளாஸ்டர் ஒட்டுற வேலைதானே பாட்டி' என்று எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்குக் கூடத்தில் பேசியதை நீ மறந்திருக்கலாம், எனக்கு ஒரு சொல் மறக்கவில்லை. மறுநாள் இங்கே இருக்கிற பள்ளிக்கூடத்தில் உனக்கு நேர்காணல். ஏன் போகிறாய் என்று உன் அப்பா கேட்டதற்கு, உங்கள் வார்டுக்கு வந்த அந்தப் பெண் குழந்தையைப் பற்றிச் சொன்னாய். காலையிலிருந்தே மூச்சு இழுத்திருக்கிறது. விளையாட்டுக்குப் பயந்து நடிக்கிறாள் என்று டீச்சர் மூலையில் உட்கார வைத்துவிட்டாள். உங்களிடம் வரும்போது உதடு நீலம். உன் விரலைப் பிடித்த பிடியை அது கடைசிவரை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிந்த ஒருத்தி இருந்திருந்தால் அந்தக் குழந்தை எங்களிடம் வந்தே இருக்காது, நான் அந்த ஒருத்தியாக இருக்கணும் என்றாய்.

அதற்கு உன் அத்தை சொன்னது: "கதை நல்லாத்தான் இருக்கு. கதைய வெச்சுக்கிட்டு வேலைக்குப் போக முடியுமா?"

உன் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "பென்சில் சீவுறேன்னு விரலைச் சீவிக்கிட்டவன் காலைல வருவான். கணக்குப் பரீட்சைக்கு வயித்து வலி வந்தவன் மத்தியானம் வருவான். பெரிய சிகிச்சைதான் போ" என்றான். தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் என்று சொன்னால் நாலு பேரிடம் ஒரு மதிப்பு என்றாள் உன் அம்மா. உன் அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "அக்காவுக்குத் தெரியாததா? இந்த வேலையில பழம் தின்னு கொட்டை போட்டவ" என்றான்.

அது பிளாஸ்டர் ஒட்டுகிற வேலை என்று தொடங்கி அத்தை அடுக்கிக்கொண்டே போனாள். வார்டில் தடுமாறினால் கைகொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்கும், கூப்பிட்டால் டாக்டர் வருவார், நாளுக்கு நாள் தொழில் கூடும். பள்ளிக்கூடத்தில் நீ ஒண்டி ஆள், கை துருப்பிடித்துப் போகும் என்றாள். அதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானே மல்லுக்கு நின்றிருப்பேன்.

கடைசியில் உன் வாயாலேயே, "சரி அத்தை, அது ஒரு வேலையே இல்ல" என்றாய். நிமிர்ந்திருந்த உன் கழுத்து தொய்ந்ததை என் கை உணர்ந்தது. நீ வரவில்லை என்று தானே போன் பண்ணிச் சொல்லிவிடுவதாக அத்தை எழுந்து மாடிப்படிப் பக்கம் போனாள். எவ்வளவு அக்கறை பார் என்று நான்கூட நினைத்தேன்.

நீ கிளம்பி வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாய். கொஞ்ச நாளில் உன் அத்தையும் இங்கே வார்டை விட்டுவிட்டாள். இடுப்பு வலி, ஒரு சின்ன இடத்தில் வேலை என்றாள். எந்த இடம் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். போன வாரம் என்ன தோன்றியதோ, வா அம்மா, என் அறையைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனாள். நீ நேர்காணலுக்குப் போகவிருந்த அதே பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கும்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

சின்ன அறை. ரெண்டு கட்டில், நடுவில் நீலத் திரை, கை கழுவ ஒரு தொட்டி, எடை பார்க்கும் மேடை. மூச்சு இழுக்கிற குழந்தைகளின் மருந்தைத் தனித்தனி டப்பாவில் போட்டு, டப்பா மேல் அந்தந்தக் குழந்தையின் போட்டோ ஒட்டி வைத்திருக்கிறாள். நான் இருக்கும்போதே மூக்கில் ரத்தத்தோடு ஒரு சிறுமி வந்தாள். முன்னால் குனிய வைத்து, மூக்கைப் பிடித்து, பேச்சுக் கொடுத்தே நிறுத்தினாள். கை நல்ல கை, அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கட்டிலில் படுத்திருந்த குழந்தையைப் பார்த்து, "ரெண்டாம் பெட், எழுந்திரு" என்றாள். அது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தது. ஆஸ்பத்திரியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் உன் அத்தை.

அப்போது தலைமை ஆசிரியை வந்தார். என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எத்தனையோ பேர் வந்தாங்கம்மா. உங்க பொண்ணு அந்த மூச்சுத் திணறின குழந்தையப் பத்திச் சொன்னதும் எங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கடைசிவரைக்கும் இவங்க விரல விடலையாமே" என்றார்.

இவள் விரலாம். கண்ணே, அது உன் விரல்.

நான் உன் அத்தையைப் பார்த்தேன். அவள் மடித்திருந்த போர்வையை உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள். "இடுப்பு போச்சும்மா. இனிமே என்னால வார்டுல நிக்க முடியாது. அவ சின்னவ, அவளுக்கு ஆயிரம் இடம் கிடைக்கும். அவகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள். வாயைத் திறந்து கேட்டிருந்தால் அவளே உனக்கு விட்டுக்கொடுத்திருப்பாளேடி என்றேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவைக் கேட்டால், முன்பே தெரியுமாம். உன் அம்மாவுக்கும் தெரியுமாம். நீ மனசு கஷ்டப்படுவாய் என்று மறைத்தார்களாம். நானும் நீயும்தான் இந்த வீட்டில் முட்டாள்கள்.

வேலையை எடுத்துக்கொண்டது போகட்டும். அது கேவலம் என்று உன்னையே நம்ப வைத்தாள் பார், இன்றைக்கும் நீ அதை நம்பிக்கொண்டு எனக்கு எழுதுகிறாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ கேட்டதற்கு என் பதில் இது. பள்ளிக்கூடத்துக்குப் போ என்று நான் சொல்லவில்லை. வார்டு பிடித்திருந்தால், அங்கே கற்றுக்கொள்ள இன்னும் இருந்தால், இரு. தனியாக நின்று முடிவெடுக்கப் பயமாக இருக்கிறதா, அதையும் யோசி. அது பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அத்தையின் சொல்லைத் தராசில் வைக்காதே. போவதாக இருந்தால் அந்தக் குழந்தையைப் பற்றி உன் வாயால் சொல். இன்னொருத்தி சொன்னதால் அது அவளுடையது ஆகிவிடாது. நேர்காணலுக்கு நீயே போ. வரவில்லை என்று சொல்வதானாலும் நீயே சொல். உன் கை பட்ட பிள்ளைகளெல்லாம் நன்றாக இருக்கட்டும். நீ எந்த வாசலில் நுழைந்தாலும் தலை நிமிர்ந்து நுழைய வேண்டும்.

சிரித்த தையல்காரி வெளியாள், விட்டேன். உன் சித்தப்பாவுக்குப் புத்தி அவ்வளவுதான், விட்டேன். மறைத்த உன் அப்பாவையும் அம்மாவையும் நீ மன்னித்தால் நானும் மன்னிப்பேன். வீட்டுக்கு வருகிறவளுக்குச் சோறு போடுவேன், இடுப்புக்குத் தைலமும் தேய்த்துவிடுவேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், உன் அத்தையை, என் ஒரே மகளை.

இப்படிக்கு,
உன் பாட்டி